முட்டி வலியோடு மூப்பு: திருக்கழுக்குன்றத்திலிருந்து சில பதில்கள்

உயிரியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு முட்டிகளும் தேய்ந்திருக்கின்றன. இடுப்பும் அவ்வப்போது சேர்ந்துகொள்ளும். தெருவில் பார்ப்பவர்கள், உறவினர்கள், இப்போது தாங்களே பாட்டி தாத்தா ஆகிவிட்ட பழைய மாணவர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தைப் பற்றி எழுதியிருப்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கோயிலைப் பற்றியும் பறவையைப் பற்றியும் எழுதியிருப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டாம்.

உங்களுக்கு என்ன நோய், டீச்சர்?

மூட்டுத் தேய்மானம். எலும்பும் எலும்பும் சேருமிடத்தில் வழுவழுப்பாக இருக்கும் குருத்தெலும்பு மெலிந்து, மூட்டைச் சுற்றி வீக்கமும் இறுக்கமும் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அதிகம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இன்னும் அதிகம். சித்த மருத்துவர்கள் அழல்கீல்வாயு என்பார்கள். வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: வாதம்.

எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, 'ஐயோ, இவ்வளவு தேய்ந்துவிட்டதே' என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். படத்தில் தெரியும் தேய்மானமும் உடம்பில் இருக்கும் வலியும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பதில்லை. படம் மோசமாக இருந்தும் வயலுக்குப் போய் வருபவர்கள் உண்டு. படம் பரவாயில்லாமல் இருந்தும் கட்டிலை விட்டு எழ முடியாதவர்களும் உண்டு. வலிக்கு முட்டி மட்டும் காரணமில்லை. தொடைத் தசையின் பலம், உடல் எடை, தூக்கம், கவலை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

வயதானால் வலிக்கத்தானே செய்யும்? இதற்குப் போய் டாக்டரா?

இந்த ஒரு வாக்கியத்தால் எங்கள் தலைமுறைப் பெண்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. வயதானால் எல்லாருக்கும் வலிப்பதில்லை, வலிக்கிறவர்களுக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. காலையில் எழுந்ததும் மூட்டு விறைத்திருந்து அரை மணி நேரத்துக்குள் இளகிவிட்டால் பெரும்பாலும் தேய்மானமாக இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு நீடித்து, இரண்டு கைகளிலும் விரல் மூட்டுகள் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு. தாமதித்தால் மூட்டுகள் கோணிவிடும். 'வயசு' என்று சொல்லி உட்கார்ந்திருக்கக் கூடாத நோய் அது.

இன்னும் சில இருக்கின்றன. ஒரு மூட்டு திடீரென்று சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே போக வேண்டும். காரணமில்லாமல் எடை குறைந்து, இரவெல்லாம் எலும்பு வலித்தால் நாள் கடத்தக் கூடாது. முதுகு வலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு இல்லாமல் போனாலோ விடியும் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகிறது?

ஓய்வூதியக்காரி கணக்குப் போட்டுச் செலவு செய்வது போலப் போகிறது. முட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று ஒரு தொகை இருக்கிறது. அதை எதில் செலவழிப்பது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுவேன். உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் பலர் கெட்டுப்போகிறார்கள். இன்றைக்கு வலி இல்லையே என்று பரண் முதல் பாத்திரம் வரை எல்லாவற்றையும் இறக்கித் துலக்கிவிட்டு, அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பார்கள். நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தத் தெரிய வேண்டும். எனக்கு இதைக் கற்றுக்கொள்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. நிறுத்துவது சோம்பேறித்தனம் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள்.

எழுந்ததும் இறங்குவதில்லை. கட்டிலிலேயே படுத்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைத்து, முட்டியை மெல்ல மடக்கி நீட்டுவேன். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குவேன். அடுத்து மற்றக் கால். தொடையின் முன்பக்கத் தசை வலுத்தால் முட்டியின் பாரம் குறையும். இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தவர் வீட்டுக்கே வந்த அரசு இயன்முறை மருத்துவர். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடமாட முடியாதவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும், நோய் முற்றியவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் அதில் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாய் திறந்து கேளுங்கள்.

கோலம் போடுகிறேன். ஆனால் வாசற்படியில் உட்கார்ந்தபடி, கை எட்டும் தூரத்துக்குள் அடங்குகிற கோலம். மார்கழியில் தெருவை அடைத்துப் போடும் வேலையை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் எடுக்கும் சிக்குக்கோலம் என்னுடையதைவிட நேர்த்தி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று. காய் நறுக்குவது அரிவாள்மணையிலிருந்து மேசைக்கு ஏறிவிட்டது. அடுப்படியில் உயரமான முக்காலி ஒன்று இருக்கிறது. குந்தி உட்காரும் கழிப்பறையை மாற்றியாயிற்று. சுவரில் கைப்பிடிக் கம்பியும் உண்டு. வீட்டில் செலவழிக்கப் பணம் கொஞ்சமாகத்தான் இருக்கிறது என்றால் முதலில் இந்தக் கம்பிக்குச் செலவழியுங்கள். கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் முட்டி வலியெல்லாம் ஒரு வலியா என்று ஆகிவிடும்.

இரவில் முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும். தினமும் வைக்காதீர்கள். முட்டி மடங்கிய நிலையிலேயே இறுகிப்போய், பிறகு கால் நேராக நீளாது.

எடையைக் குறைக்கச் சொல்கிறார்கள். நடக்கவே முடியாதபோது எப்படிக் குறைப்பது?

நியாயமான கோபம். ஆனால் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டியின் மீது விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. அதனால் இரண்டு கிலோ குறைந்தாலும் முட்டிக்குத் தெரியும். நடந்து குறைப்பதைவிடத் தட்டில் குறைப்பது எளிது. இரவுச் சோற்றில் கை வையுங்கள். சாயங்கால முறுக்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்தத் தகுதி எனக்கில்லை.

வலி மாத்திரை போடலாமா?

போடலாம். பொறுத்துக்கொள்வதற்கு யாரும் பதக்கம் தரப்போவதில்லை. ஆனால் எதை, எவ்வளவு, எத்தனை நாள் என்பது முக்கியம்.

பாராசிட்டமால் சாதுவான மாத்திரை. எல்லாருக்கும் பெரிதாகக் கேட்காது. ஒரு நாளைக்கு நான்கு கிராமைத் தாண்டக் கூடாது. வயதானவர்களுக்கு மூன்று கிராமோடு நிறுத்துங்கள் என்று பல மருத்துவர்கள் சொல்கிறார்கள். சளி மாத்திரையிலும் அதே மருந்து கலந்திருக்கும் என்பதை மறந்துவிட்டு இரட்டிப்பாகப் போட்டுக்கொள்பவர்கள் அதிகம்.

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வகையறா வேறு. நன்றாகக் கேட்கும், அதனால்தான் ஆபத்து. வயிற்றில் புண் வந்து ரத்தம் கசியலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், சிறுநீரகம் பழுதாகலாம். ஏற்கெனவே ரத்த அழுத்த மாத்திரையும் நீர் பிரியும் மாத்திரையும் போடுகிறவர்களுக்குச் சிறுநீரக ஆபத்து கூடுதல். மருந்துக்கடையில் போய் 'முட்டி வலிக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க' என்று கேட்டு, உதிரியாகக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவதை விழுங்குகிறோமே, அது பெரும்பாலும் இந்த வகைதான். பெயர்கூடத் தெரியாமல் வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். கருமலம் போனால், காலும் முகமும் வீங்கினால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மேலே தடவும் களிம்பில் அதே மருந்து இருந்தாலும் உடம்புக்குள் போவது குறைவு. முட்டிக்கு அதை முதலில் முயல்வது நல்லது.

வலி மாத்திரைக்கும் கழுகுக்கும் தொடர்பு என்று நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்களாமே?

சொல்வேன். கழுகின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் ஊரில் இருந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் வேதகிரீசுவரர் மலைக்கு உச்சிப்பொழுதுக்கு முன் இரண்டு கழுகுகள் வரும். பூசை செய்பவர் பாறையில் உட்கார்ந்து கிண்ணத்தைத் தட்டிக் கூப்பிட்டு, சர்க்கரைப் பொங்கல் வைப்பார். அவை காசியில் நீராடி இராமேசுவரத்தில் வழிபட்டு, நடுவில் இங்கே உண்டு போகும் முனிவர்கள் என்பது நம்பிக்கை. உயிரியலில் அவை மஞ்சள்முகப் பாறு. பிணந்தின்னிப் பறவை, பொங்கலும் தின்னும். வகுப்பில் இரண்டையும் சொல்வேன். இரண்டும் எனக்கு ஒன்றையொன்று இடிப்பதில்லை. 1990-களோடு அந்த வரவு நின்றுபோனது. கலி முற்றிவிட்டது என்றார்கள்.

அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறுகள் கொத்துக் கொத்தாக மறைந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் போய்விட்டன. காரணம் 2004-இல்தான் தெரிந்தது. வலி தீர மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் ஊசி. மாடு செத்து, அதன் இறைச்சியைத் தின்ற பாறுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளில் சுண்ணாம்பு போலப் படிந்தது. கால்நடைக்கு அந்த மருந்தைத் தயாரிப்பதை 2006-இல் இந்தியா தடை செய்தது. ஆனால் மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடுவது தொடர்ந்தது. அதனால் 2015-இல் அந்தப் பெரிய குப்பிகளும் தடை செய்யப்பட்டன. 2023-இல் கால்நடைக்கான அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் தடைப்பட்டியலில் சேர்ந்தன. மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கில்லாத மாற்று. தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். ஆற்றங்கரை நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன.

எங்கள் மலையின் இரண்டையும் இந்த மருந்துதான் போக்கியது என்று நான் சொல்லவில்லை. மனிதர் விழுங்கும் மாத்திரை நேராகப் பாறுக்குப் போவதும் இல்லை. ஆனால் என் மருந்துப் பெட்டியில் இருப்பதும் அந்த மாட்டுக்குப் போட்டதும் ஒரே மருந்து என்பது எனக்கு ஒட்டாத செய்தியாக இல்லை. என் வலிக்கும் மாட்டின் வலிக்கும் மருந்து ஒன்று. எனக்கும் பாறுக்கும் அது கெடுக்கும் உறுப்பும் ஒன்று, சிறுநீரகம். இதிலிருந்து நான் செய்வது சிறியதுதான்: மீந்த மாத்திரையை 'மாட்டுக்காவது ஆகட்டும்' என்று யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். மாட்டுக்கு வலி என்றால் கால்நடை மருத்துவரிடம் மெலாக்சிகாம் கேளுங்கள்.

முடக்கத்தான், பிரண்டை, தைலம்?

முடக்கத்தான் தோசை எனக்குப் பிடிக்கும். வாரத்துக்கு ஒருமுறை உண்டு. பிரண்டையை நார் உரித்து, நன்றாக வதக்கி, புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் நாக்கு அரிக்காது. இவை உணவு. உணவாகச் சாப்பிடுங்கள். தேய்ந்த குருத்தெலும்பை வளர்த்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். சூடு பறக்கத் தைலம் தேய்த்து வெந்நீர் ஒத்தடம் கொடுத்தால் இதமாக இருக்கிறது. அந்த இதம் பொய்யில்லை.

சித்த மருத்துவம் வேண்டும் என்றால் முறையாகப் படித்தவரிடம் போங்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போய்விடலாம். சந்தையிலும் பஸ் நிலையத்திலும் விற்கும் பெயரில்லாத பொடியைத் தொடாதீர்கள். மூன்றே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் சந்தேகப்படுங்கள், ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், அப்படி ஏதாவது சாப்பிட்டிருந்தால் பொட்டலத்தையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

இப்போது மலை ஏறுவதில்லையா?

இல்லை. 500-க்கும் மேற்பட்ட படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முட்டியைக் கொல்லும். இறங்கும் வழியில் இருக்கும் பல்லவர் காலத்து ஒருகல் மண்டபத்தைப் பார்க்க முடியாததில் வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை.

ஆனால் தரிசனம் குறைந்துவிட்டதா என்று கேட்டால், சைவத்தில் நொண்டிகளுக்கும் கிழவிகளுக்கும் முன்பே ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார்கள் என்பேன். மேலே வேதகிரீசுவரர் இருக்கிறார் என்றால் கீழே தாழக்கோயிலில் பக்தவத்சலேசுவரர் இருக்கிறார், திரிபுரசுந்தரி இருக்கிறாள். படியில்லாமல் உள்ளே போய்விடலாம். திருவிழா நாட்களில் சாமியே புறப்பட்டு நான்கு மாட வீதியும் வருகிறார். கோயிலுக்குள் வர முடியாதவர்களுக்காகத்தானே வீதியுலா? சித்திரைத் தேர் நாளில் திண்ணையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் தரிசனம் வாசலுக்கு வருகிறது. மலையையே வேதமாகவும் சிவனாகவும் கும்பிடும் ஊர் இது. அதனால் ஏற முடியாதவர்கள் சுற்றலாம். நான் முழுச்சுற்றும் நடப்பதில்லை. பௌர்ணமியன்று கூட்டம் வருமுன் கொஞ்ச தூரம் போய், மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவேன்.

அப்பர் கதையை நினைத்துக்கொள்வேன். கயிலைக்குப் போகிறேன் என்று கிளம்பி, கால் தேய்ந்து கையால் ஊன்றி, கையும் தேய்ந்து மார்பால் நகர்ந்து, கடைசியில் இறைவன் அங்கேயே ஒரு பொய்கையில் மூழ்கச் சொன்னார், எழுந்தது திருவையாற்றில். கயிலைக் காட்சியை அங்கே கண்டார். ஆடி அமாவாசைக்கு இன்றும் ஐயாற்றில் விழா உண்டு. புராணத்தில் அவருடைய தேய்ந்த உடம்பும் தேறிவிடுகிறது. அந்தப் பகுதி எனக்கு இன்னும் நடக்கவில்லை. இருக்கும் இடத்திலேயே காட்டினார் என்ற பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

வேறு மலைகளுக்குப் போக ஆசை என்றால் வழி இருக்கிறது. பழனியில் 1966 முதல் விஞ்ச் ஓடுகிறது. ரோப்கார் 2004-இல் வந்தது. சோளிங்கரில் 1,305 படிகளைத் தவிர்க்க 2024-இல் ரோப்கார் வந்துவிட்டது. ரோப்காரில் போனால் பலன் குறையும் என்று சொல்பவரிடம் அவருடைய முட்டியைக் கொஞ்ச நேரம் கடன் கேளுங்கள்.

சந்நிதியில் உட்கார்ந்தால் தப்பா? விழுந்து கும்பிட முடியவில்லையே?

தப்பில்லை. ஒரு கோயிலில் தூண் ஓரமாக மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்ததற்கு ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். 'என்னைத் தரையில் உட்காரவைத்தால் பிறகு நீங்கள்தான் தூக்கிவிட வேண்டும்' என்றேன். விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பாத்திமா அக்கா நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்; முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழலாம் என்பது அவர்கள் மார்க்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. மாதா கோயிலிலும் முழங்காலிட முடியாதவர்கள் பெஞ்சில் உட்கார்ந்தே ஜெபிக்கிறார்கள்.

இது முன்வினை என்கிறார்களே?

மாவாட்டும் கல்லில் உட்கார்ந்து அரைத்தது, தண்ணீர்க்குடம் சுமந்தது, வகுப்பில் நாளெல்லாம் நின்றது, இவையெல்லாம் வினைதான். இந்தப் பிறவியிலேயே செய்தவை. அதற்கு முந்தையதைத் தேட எனக்கு நேரமில்லை. ஒருவர் வலியில் இருக்கும்போது வந்து உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே கர்மத்தைப் பற்றிப் பேசுபவர்கள், போகும்போது அந்த டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் எவ்வளவோ புண்ணியம்.

வலிக்காக வேண்டிக்கொள்வதுண்டா என்றால், உண்டு. வைத்தீசுவரன்கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போயும் வந்திருக்கிறேன். முட்டி மாறவில்லை. கோபம் வந்த நாட்களும் உண்டு; அந்த நாட்களில் விளக்கேற்றிவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்துவிடுவேன். அவரும் ஒன்றும் கேட்பதில்லை. நம்பிக்கை இருந்தால் வலி தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி தெரியும். வலியைச் சொல்லி அழ ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான் எனக்குக் கிடைத்தது. அது எனக்குப் போதுமானதாக இருக்கிறது, சில நாட்கள் தவிர.

மழைக்காலத்தில் வலி கூடுமா?

எனக்குக் கூடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நன்றாகவே தெரியும். ஆராய்ச்சிகள் ஒரே குரலில் பேசவில்லை. சில ஆமாம் என்கின்றன, சில இல்லை என்கின்றன. மழையில் வெளியே போகாமல் உட்கார்ந்தே இருப்பதாலும் மூட்டு இறுகும். அதனால் அடைமழை நாளில் கூடத்துக்குள்ளேயே சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருப்பேன்.

கம்பு ஊன்ற வெட்கமாக இருக்கிறது.

விழுந்து தூக்கிக்கொண்டு போவதைவிட வெட்கமா? ஊன்றுங்கள், ஆனால் சரியாக ஊன்றுங்கள். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் வலிக்கும் பக்கத்திலேயே பிடிக்கிறார்கள். நேராக நின்று கையைத் தொங்கவிட்டால் கைப்பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள், ஈரத்தரையில் வழுக்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். பஸ் படியும் அப்படித்தான், நடத்துநர் விசில் ஊதினாலும் சரி. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பது மகிழ்ச்சி. அந்த முதல் படியின் உயரத்தையும் யாராவது கொஞ்சம் குறைத்தால் இன்னும் மகிழ்ச்சி.

வெளியே போய் இயற்கையைப் பார்க்க இனி எங்கே முடியும்?

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? சங்குதீர்த்தக் குளத்துப் படிக்கட்டில் மேல் படியோடு நின்றுகொண்டாலே போதும். நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கும்; மீன்கொத்தி மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும். அசையாமல் நெடுநேரம் ஒரே இடத்தில் இருப்பதுதான் பறவை பார்ப்பவருக்கு வேண்டிய முதல் தகுதி. இளவயதில் அது எனக்கு வரவே இல்லை. மாணவர்களை வரிசையில் நிறுத்துவதிலேயே பறவை பறந்துவிடும். இப்போது முட்டி அந்தப் பயிற்சியைக் கொடுத்துவிட்டது.

வருடத்துக்கு ஒருமுறை வேடந்தாங்கல். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம், ஏரியில் தண்ணீர் இருக்க வேண்டும். கரை சமதளம், நடுநடுவே உட்கார இடம் உண்டு. பார்வைக் கோபுரத்தில் ஏறாதீர்கள், அவசியமும் இல்லை. கரையிலிருந்தே நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், வக்கா எல்லாம் தெரியும். இரை தேடப் போனவை திரும்பும் மாலை நான்கு மணிக்கு மேல் போய் உட்காருங்கள். அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். துப்பாக்கிக்காரர்களைத் தடுக்கக் கேட்டு, 1798-இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேசிடம் உரிமையை எழுதி வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பதையும் கண்டுகொண்டவர்கள்.

போவதற்கு முந்தைய நாளும் வந்த மறுநாளும் வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை. வலிக்கும். தெரிந்தே செய்யும் செலவு அது.

தூக்கம் வருவதில்லை. எதிலும் பிடிப்பில்லை. இதுவும் வலியால்தானா?

இருக்கலாம். வலி தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி அதிகமாகத் தெரியும். வாரக்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, 'போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை' என்று அடிக்கடி தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு. அதற்கு மருந்தும் பேச்சும் இருக்கின்றன. மருத்துவரிடம் முட்டியைக் காட்டும்போதே இதையும் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

முட்டி மாற்று அறுவை செய்துகொள்ளலாமே?

நான் இன்னும் முடிவெடுக்கவில்லை. நடப்பதும் தூங்குவதும் அறவே முடியாமல் போய், பயிற்சியும் மருந்தும் கைகொடுக்காதபோது அது நல்ல வழிதான். வயது மட்டும் தடையில்லை. செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் அதைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு விஷயங்களை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: அறுவைக்குப் பிறகு வாரக்கணக்கில் வலியோடு பயிற்சி செய்ய வேண்டும், தரையில் சம்மணம் போடுவதையும் குந்துவதையும் தவிர்க்கச் சொல்வார்கள்.

பிள்ளைகளிடம் எவ்வளவு சொல்வது? சொன்னால் பாரம், சொல்லாவிட்டால் தெரியாது.

நான் எண்ணில் சொல்லிப் பழக்கிவிட்டேன். 'எப்படியம்மா இருக்கிறாய்?' என்று மகன் பெங்களூரிலிருந்து கேட்டால் 'பரவாயில்லை' என்பதில்லை. பத்துக்கு நான்கு, பத்துக்கு ஏழு. நான்கு என்றால் பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விடும். ஏழு என்றால் மருமகள் சமையலைப் பார்த்துக்கொள்வாள், நான் படுத்துவிடுவேன். யாரும் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை. 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டால் உடனே சொல்ல ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்: அரிசி மூட்டையை இறக்கிவை, மின்கட்டணம் கட்டு, ஞாயிற்றுக்கிழமை தாழக்கோயில் வரைக்கும் கூட வா. 'ஒன்றும் வேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் பிறகு மனத்துக்குள் பொருமுவது எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைப் பழக்கம். அதை விடுவது முட்டியைச் சமாளிப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.